ஆடரங்கும் ஆடவர் உடையும்: கனகி புராணத்தை முன்வைத்து ஒரு நோக்கு

ஆடல் மகளிரின் ஒப்பனை பற்றித் தமிழ் இலக்கியம் பேசியிருப்பது மிகுதி. அவ்வாடலைக் காணச் சென்றவன் எதனை உடுத்துச் சென்றான் என்பது பற்றி அது பேசியிருப்பது மிகக் குறைவு. இந்த ஏற்றத்தாழ்வைத் தற்செயலானதென்று கொள்ளுதல் இயலாது. காணச் செல்பவனின் உடை இரண்டு வினாக்களுக்கு விடையாவது. தன்னை யாராகக் காட்டிக்கொள்ள விரும்புகிறான் என்பது ஒன்று. யார் கண்ணுக்குத் தன்னை மறைக்க விரும்புகிறான் என்பது மற்றொன்று. ஒழுக்க விசாரணையின் பாரம் முழுவதும் ஆடுபவளின் உடைமேல் வைக்கப்பட்டமையால், இவ்விரு வினாக்களும் நம்மிடையே கேட்கப்படாமலே போயின. பேராசிரியர் கா. சிவத்தம்பி பண்டைத் தமிழ்ச் சமூகத்தில் நாடகம் பற்றி எழுதி 1981இல் வெளியிட்ட ஆங்கில நூலுக்குப் பின்னர், ஆற்றுவோரைச் சமூகப் பின்னணியில் வைத்து நோக்கும் முறை நமக்குப் பழகிவிட்டது. காண்போரை அவ்வாறு நோக்கும் முறை இன்னும் பழகவில்லை. யாழ்ப்பாணத்தில் எழுந்த ஒரு நூல் அதற்கு நல்லதொரு வாயிலாக அமையும் என்பது இக்கட்டுரையின் துணிபு. அந்நூலை அடையுமுன் சற்றுப் பின்னோக்கிச் செல்லுதல் வேண்டும்.

சிலப்பதிகாரத்துக் கடலாடு காதையில் மாதவி நீராடிக் கூந்தலுக்குப் புகையூட்டி, அடிமுதல் முடிவரை ஒவ்வோர் அணியாகப் பூணும் பகுதியை அறியாத மாணவர் இலர். விரலுக்கு எது, தொடைக்கு எது, செவிக்கு எது என அணிகலப் பட்டியலே அங்குண்டு. உடன் கடற்கரைக்குச் செல்லும் கோவலனைப் பற்றி அக்காதை தருவது, அவன் அத்திரி ஏறிச் சென்றான் என்ற செய்தியே. அவன் உடுத்தது என்ன, தோளில் இட்டது என்ன என்பன சொல்லப்படவில்லை. அரங்கேற்று காதையிலும் இதுவே நிலை. மன்னன் மாதவிக்கு அளித்த மாலையின் விலை 1008 கழஞ்சு பொன் என்பது துல்லியமாகக் கூறப்படுகிறது. அதனை ஏந்திக் கூனி நின்ற இடம், நகரத்து இளைஞர் உலாவும் தெரு என்பதும் கூறப்படுகிறது. அம்மாலையை வாங்கியவனின் தோற்றம் கூறப்படவில்லை. விலை கொடுக்க வல்லவன் என்பதே அவனுக்குப் போதிய உடையாயிற்று போலும்.

இளங்கோவடிகள் ஆடவர் உடையைக் காணாதவர் அல்லர். மதுரையில் கோவலனை எதிர்ப்படும் பொற்கொல்லனை அவர் மெய்ப்பை அணிந்தவனாகவும், கையிற் கொடிற்றுடன் வருபவனாகவும் காட்டுகிறார். கொலைக்குக் காரணமாகுபவனுக்குச் சட்டையும் கருவியும் உண்டு, கொலையுண்பவனுக்கு இல்லை. கொல்ல வந்த காவலர் கோவலனின் தோற்றத்தை நோக்கி, இவன் கள்வனல்லன் என ஐயுறுகின்றனர். அவனது தோற்றம் காவியத்தில் ஒரு சான்றாக எடைபோடப்படுவது அப்போதுதான். அதுவும் பொற்கொல்லனின் சொல்வன்மைக்கு முன் நில்லாமற் போகிறது. புகாரில் செல்வமே உடையாக இருந்தவன், செல்வம் நீங்கியபின் அயலூரில் எவ்வடையாளமும் அற்றவனாக நிற்கிறான்.

ஆடவனின் உடையை உற்று நோக்கியவர்கள் வேறு இடத்தில் இருந்தனர். மருதத்திணைப் பாடல்களில், பரத்தையிற் பிரிந்து மீண்டுவந்து வாயிலில் நிற்கும் தலைவனைத் தலைவி பார்க்கும் பார்வை ஓர் ஆய்வாளரின் பார்வையை ஒத்தது. வாடிய மாலை, கலைந்த சாந்து, நெகிழ்ந்த உடை, உடம்பில் நகக்குறி என ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறாள். மருதக்கலியில் இது ஒரு வழக்காடுமன்றத்தின் நயம் பெறுகிறது. உடுத்துச் சென்றபோது தலைவனின் எண்ணம் என்னவென்று எவரும் கேட்கவில்லை. உடுத்து மீண்டபோது அவ்வுடையே அவனுக்கு எதிரான சாட்சியாகிறது. ஒரு பாடலில் வண்ணாத்தியும் இச்சாட்சிகளுள் ஒருத்தியாகத் தலைகாட்டுகிறாள். ஊரவர் ஆடைகளை வெளுப்பவளான அவள், துறைக்குச் செல்லாது அவனுக்காகத் தூது செல்கிறாள் என்பது தலைவியின் குற்றச்சாட்டு. ஊராரின் ஆடைகளைக் கையாள்பவள் ஊராரின் இரவுகளையும் அறிவாள் என்னும் நுண்மை இங்குப் பொதிந்துள்ளது. பரிபாடலில் இதன் மறுதலை: வையைத் திருவிழாவில் தலைவியின் காணாமற்போன வளையும் ஆரமும் பரத்தை ஒருத்தியின் உடம்பில் ஒளிர்வதைத் தோழியர் கண்டுவிடுகின்றனர். தலைவன் தன்னை அலங்கரித்துக்கொண்டு போனதோடு நில்லாமல், மனைவியின் அலங்காரத்தையும் கழற்றிக்கொண்டு போயிருக்கிறான்.

இவ்விடத்து ஒன்று கருதத்தக்கது. இப்பாடல்களில் ஆடவனின் உடையை வாசிப்பவர்கள் அனைவரும் பெண்கள். அவ்வரங்குக்கும் அவ்வீட்டுக்கும் செல்லாதவர்கள், அல்லது பின்வாயிலால் மட்டும் செல்பவர்கள். பிற்காலத்து விறலிவிடு தூது நூல்கள் இப்பார்வையை ஆடவனின் வாய்க்கே மாற்றிவிட்டன. சுப்ரதீபக் கவிராயரின் கூளப்ப நாயக்கன் விறலிவிடு தூதைப் போன்றவற்றில், மனைவியோடு பிணங்கிச் சென்றவன் தாசி ஒருத்தியின் வீட்டில் பொருளெல்லாம் இழந்து, பின் ஒரு வள்ளலால் மீண்டு, விறலியை மனைவியிடம் தூது விடுகிறான். களைந்து பார்க்கச் சென்றவன் களையப்பட்டுத் திரும்புதல் என்பது அவ்வகை நூல்களின் நகைப்பொருள். ஆயினும் கதையைச் சொல்பவன் அவனே ஆகையால், பழி முழுவதும் தாசியின் தாய்க்கிழவி தலையில் ஏறிவிடுகிறது. தன்னிரக்கம் ஒரு நல்ல போர்வை; அதனைப் போர்த்துக்கொண்டவனின் உள்ளுடை தெரிவதில்லை.

இப்பின்னணியில் யாழ்ப்பாணத்துக்கு வருவோம். வண்ணார்பண்ணையிலுள்ள சிவன் கோயில், ஒல்லாந்தர் ஆட்சியின் இறுதிக்கட்டத்தில், 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், வைத்திலிங்கச் செட்டியாரால் எழுப்பப்பட்டது. வணிகச் செல்வத்தின் பெருமிதம் அக்கோயிலின் அமைப்பிலேயே உண்டு. அங்குத் தேவதாசி மரபினளாக விளங்கிய கனகி என்பவளையும், அவளை நாடிச் சென்றவர்களையும் பாடுபொருளாகக் கொண்டு 19ஆம் நூற்றாண்டில் எழுந்ததே கனகி புராணம். ஆசிரியர் நட்டுவச் சுப்பையனார். நூல் முழுமையாக நமக்குக் கிடைத்திலது. எஞ்சிய செய்யுள்களே வாய்மொழியாலும் பின்னர் அச்சாலும் காக்கப்பட்டன. ஊரும் ஆளும் அடையாளம் காணத்தக்க வகையில் எள்ளப்பட்டிருக்கும் ஒரு நூலை ஏடு பெயர்த்து எழுதிப் பேணுதற்கு எந்தக் குடும்பத்தினர் முன்வந்திருப்பர்? நூலின் சிதைவையே அதன் வெற்றிக்குச் சான்றாகக் கொள்ளலாம் என்பது என் எண்ணம்.

கனகி புராணத்தை ஆபாச நூலென்று ஒதுக்கியோரும், யாழ்ப்பாணத்து அங்கத இலக்கியத்தின் முன்னோடி என்று போற்றியோரும் உளர். இரு சாராரும் அதன் வடிவத்துக்குரிய கவனத்தைக் கொடுத்தனர் என்று சொல்லுதற்கில்லை. புராணம் என்னும் பெயரையும் படலப் பகுப்பையும் எடுத்துக்கொண்டதோடு, சுயம்வரம் என்னும் காவிய உறுப்பையும் சுப்பையனார் எடுத்துக்கொண்டார். இது வெறும் விளையாட்டன்று. சுயம்வரம் என்பது காவியங்களில் ஆடவர் தம்மை அலங்கரித்துக்கொண்டு வந்து வரிசையாக அமர்ந்து ஒரு பெண்ணின் பார்வைக்கு உட்படும் ஒரே சந்தர்ப்பம். நைடதத்தில் தமயந்தியின் சுயம்வரத்தைக் கற்றோர் இதனை உணர்வர். மன்னர்கள் முடியும் தாரும் அணிந்து அமர்ந்திருப்பர், அவள் ஒவ்வொருவராகக் கடந்து செல்வாள், கடக்கப்பட்டவன் ஒளியிழப்பான். காணப்படுபவள் பெண், காண்பவன் ஆண் என்னும் வழக்கமான ஏற்பாடு அம்மண்டபத்துள் சற்று நேரம் தலைகீழாகிறது. அந்த மண்டபத்தையே சுப்பையனார் வண்ணார்பண்ணைக்குக் கொண்டுவந்தார். ஊர்தோறுமிருந்து வந்தோர் அவ்வரிசையில் நிறுத்தப்படுகின்றனர். கனகியைப் பார்க்கப் போனவர்கள் பார்க்கப்பட்டவர்களாய் முடிகின்றனர்.

இப்பார்வை யாருடையது? ஆசிரியரின் பெயரோடு ஒட்டி வழங்கும் ‘நட்டுவ’ என்னும் அடையை நாம் எளிதிற் கடந்துவிடுகிறோம். சதிர்க் கச்சேரியில் நட்டுவனார் நிற்கும் இடத்தை எண்ணிப் பார்க்க. ஆடுபவளுக்குப் பின்னால், தாளத்தைக் கையிலேந்தி, சபையை நோக்கி நிற்பவர் அவர். காண்போர் அனைவரும் அவளையே பார்த்திருக்க, காண்போரையும் பார்க்கக்கூடிய இடத்தில் இருப்பவர் அவர். யார் முன்வரிசைக்கு நகர்ந்தார், யார் சால்வையைத் திருத்திக்கொண்டார், நேற்று வந்தவர் இன்று எந்தக் கரை வேட்டியோடு வந்தார் என்பனவெல்லாம் அவர் கண்ணுக்குத் தப்பா. கனகி புராணத்தின் நோக்குநிலை இத்தகையது. மருதத்துத் தலைவி வீட்டு வாயிலில் நின்று வாசித்ததை, இது அரங்கின் உள்ளேயே நின்று வாசிக்கிறது. தமிழில் இவ்விடத்திலிருந்து எழுந்த நூல்கள் மிகச் சில.

அக்காலத்து ஆடவர் உடையைப் பற்றி இங்குச் சிறிது விரித்தல் தகும். வேட்டியும் சால்வையும், காதிற் கடுக்கனும், முடிந்த குடுமியும் யாழ்ப்பாணத்து உயர்குடி ஆடவரின் பொதுத்தோற்றம். அரசாங்க உத்தியோகம் பெற்றோர் அதன்மேல் கோட்டும் தலைப்பாகையும் சேர்த்தனர். இவற்றுள் மிகுந்த பொருளுடையது சால்வையே. அது குளிருக்குப் போர்த்தும் துணியன்று. எங்கே கிடக்கிறது என்பதால் பொருள் தரும் துணி. தோளிற் கிடந்தால் ஒரு பொருள். இடுப்பிற் கட்டப்பட்டால் ஒரு பொருள். கமக்கட்டுக்குள் இடுக்கப்பட்டால் வேறொரு பொருள்.

ஆறுமுக நாவலர் (1822–1879) தமது சைவ வினாவிடையில் திருக்கோயிலில் செய்யத்தகாத குற்றங்களை ஒரு வரிசையாகத் தொகுத்துள்ளார். தலையில் வஸ்திரம் கட்டுதல், தோளில் உத்தரீயம் இடுதல், போர்த்துக்கொள்ளுதல், சட்டை இடுதல், பாதரட்சை இடுதல் ஆகியவை அவ்வரிசையில் உள்ளன. பெண்களை இச்சித்துப் பார்த்தலும் அதே வரிசையில் உள்ளது. இதனைப் பலரும் மனனம் செய்திருப்பர். இவை ஒரே பட்டியலில் அமைந்ததன் பொருளைச் சிந்தித்தோர் சிலரே. காண்பவனின் தோளும் காண்பவனின் கண்ணும் நாவலருக்கு ஒரே விதியின் இரு பகுதிகள். கோயிலுட் புகுபவன் தன் தகுதியைச் சுட்டும் துணியைத் தோளிலிருந்து இறக்க வேண்டும்; அவ்வாறே தன் பார்வையையும் இறக்க வேண்டும். நாவலர் 1872இல் வெளியிட்ட யாழ்ப்பாணச் சமயநிலையிலும், நல்லூர்க் கந்தசுவாமி கோயில் பற்றிய துண்டுப்பிரசுரங்களிலும் கோயில்களிற் பொதுப்பெண்களின் நடனத்தைக் கடுமையாகக் கண்டித்தார். அக்கண்டனம் பெண்ணை நோக்கியதென்றே பெரிதும் நினைவுகூரப்படுகிறது. சைவ வினாவிடையின் பட்டியலோ ஆடவனை நோக்கியது. பின்வந்த சீர்திருத்தவாதிகள் முன்னதை எடுத்துப் பின்னதை விட்டுவிட்டனர்.

இன்னுமொரு பொருத்தம் உண்டு. நாவலரின் சைவப் பிரசங்கங்கள் 1847 டிசெம்பர் 31இல் தொடங்கியது இதே வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில்தான். ஆடல் நிகழ்ந்த வளாகமும் அறவுரை நிகழ்ந்த வளாகமும் ஒன்றே. கேட்க வந்தோரும் காண வந்தோரும் ஒரே ஊர்களைச் சேர்ந்த, ஒரே வகை வேட்டி உடுத்த மனிதர்கள்.

இந்த ஏற்பாட்டின் விசித்திரத்தை இப்போது நோக்குக. கோயிலில் ஆடும் பெண் உச்சிமுதல் உள்ளங்கால்வரை பட்டாலும் பொன்னாலும் மூடப்பட்டிருந்தாள். இடுப்புக்கு மேல் உடையின்றி நின்றவன் அவளைப் பார்த்த ஆண். மேலைநாட்டு நகரங்களில் ஆடை களையும் ஆட்ட விடுதிகள் உள. எம்மவர் குடியேறிய நகரங்களிலும் உள. அவற்றுட் சிலவற்றின் வாயிலில், வரும் ஆடவர் கழுத்துப்பட்டியுள்ள சட்டையும் மூடிய சப்பாத்தும் அணிந்திருக்க வேண்டும் என்ற விதி இருக்கும். உள்ளே ஆடுபவள் களைகிறாள். வெளியே காண்பவன் பொத்தானிடுகிறான். அவ்விடத்துக்குச் செல்பவன், எதை உடுப்பது என்று கண்ணாடி முன் நின்று தடுமாறுவதிலும் ஒரு தருக்கம் உண்டு. மிகச் சிறப்பாக உடுத்தால் ஏமாளி எனக் கருதப்படுவான். குறைவாக உடுத்தால் வாயிலில் நிறுத்தப்படுவான். தெரிந்தவர் கண்ணிற் படாதபடியும் உடுக்க வேண்டும். பணமுள்ளவனாகத் தோன்றல், ஆனால் இன்னான் எனத் தோன்றாதிருத்தல் என்பதே அவனது இலட்சியம். எமது கோயில் ஏற்பாட்டில் இதற்கு நேர்மாறு. அங்கே மேலாடை இல்லை. ஆகவே மறைய இடமுமில்லை. இன்ன ஊர், இன்ன குடி, இன்னாரின் மகன் என்பதை அனைவரும் அறிவர்.

பிரெஞ்சு விமரிசகர் றோலன் பார்த், 1957இல் நூலுருப் பெற்ற தமது ‘மித்தோலொஜீஸ்’ கட்டுரைகளுள் ஒன்றில், பாரிஸ் நகரத்து ஆடை களையும் ஆட்டத்தை ஆராய்ந்தார். தொழில்முறை ஆடற்பெண்ணுக்கு அவளது ஆடல் திறனே ஓர் ஆடையாகி அவளை மூடிவிடுகிறது என்பது அவர் கண்ட நுட்பம். விசிறி, கையுறை, உரோமப் போர்வை என அவள் களைந்த ஒவ்வொன்றையும் அவர் வாசித்தார். எதிரே அமர்ந்திருந்தவர் என்ன உடுத்திருந்தார் என்ற வினாவை எழுப்பவில்லை. ஓவியர் டெகா அதனை முன்னமே கண்டிருந்தார். 1870களில் அவர் தீட்டிய பாரிஸ் இசைநாடக அரங்க ஓவியங்களுள் ஒன்றில், ஒளியில் மிதக்கும் ஆடற்பெண்ணுக்குப் பின்னே, திரைச்சீலையின் ஓரத்தில், கறுப்பு உடையணிந்த கனவான் ஒருவன் நிற்கிறான். அவன் முகத்தைத் திரை மறைத்திருக்கிறது. உடை மட்டுமே தெரிகிறது. முகமற்ற கறுப்பு உடை என்பது அக்கனவானின் பாதுகாப்பு. ஓவியர் அதனையே அவனது அடையாளமாக்கிவிட்டார். டெகாவும் சுப்பையனாரும் ஒரு நூற்றாண்டினர். ஒருவர் உடையைக் காட்டி முகத்தை மறைத்தார். மற்றவர் சால்வை இறங்கிய சபையில் நின்று முகங்களை ஊர்ப்பெயரோடு எழுதினார்.

சுப்பையனாரின் சபையிலும் நிற்க இடமற்றோர் இருந்தனர் என்பதை மறந்துவிடலாகாது. ஒடுக்கப்பட்ட சாதியினர் கோயிலுட் புகத் தடுக்கப்பட்டிருந்த காலம் அது. ஆடலை அவர்கள் கண்டிருந்தால் வெளிவீதியின் விளிம்பில் நின்றே கண்டிருப்பர். அவர்களுக்கும் தோளில் துணியிடும் உரிமை இல்லை. ஆனால் அது கடவுள்முன் இறக்கிய துணியன்று. உயர்சாதியினன் எதிர்ப்படும்போதெல்லாம் தோளிலிருந்து எடுத்துக் கமக்கட்டுக்குள் இடுக்க வேண்டிய துணி. முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கலாகாது. அவர்தம் பெண்கள் மேற்சட்டை அணியலாகாது. கே. டானியலின் பஞ்சமர் (1972) முதலிய நாவல்கள் இச்சாதியமைப்பின் கொடுமைகளை இலக்கியப் பதிவாக்கின. சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957இல் வந்தது. அதன் பின்னும் 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நிகழவேண்டியிருந்தது. ஒரு சாரார் ஆண்டவன் சந்நிதியில் சில நாழிகை தாமே விரும்பிச் செய்ததை, மறு சாரார் நாள் முழுவதும் மனிதர் முன் செய்ய நிர்ப்பந்திக்கப்பட்டனர். கனகியின் வீட்டுப் படியேறும்போது மீண்டும் தோளில் ஏறிய சால்வை எந்த உரிமையைச் சுட்டியது என்பது இவற்றை அருகருகே வைத்துப் பார்க்கும்போது விளங்கும். அவளை நாடும் உரிமையும் தோளில் துணியிடும் உரிமையும் ஒரே வர்க்கத்தின் கையில் இருந்தன. அங்கதம் பாயும்போது அவ்வர்க்கத்தின்மேல் மட்டுமே பாய்ந்தது என்பதும் இதனாலேயே. நகைக்கப்படுவதற்கும் ஒரு தகுதி வேண்டியிருந்தது.

20ஆம் நூற்றாண்டில் நிலைமை மாறியது. தமிழகத்தில் 1930களில் நிகழ்ந்த மாற்றங்கள் பரவலாக அறியப்பட்டவை. வழக்கறிஞர் இ. கிருஷ்ணையர் சதிரைப் பாதுகாக்க வேண்டித் தாமே பெண்ணுடை புனைந்து ஆடினார். காணச் சென்ற வர்க்கத்தைச் சேர்ந்த ஒருவர் ஆடுபவளின் உடையைத் தாமே உடுத்த அரிய சம்பவம் அது. அதனை ஒரு வேடிக்கைச் செய்தியாகச் சொல்லிக் கடந்துவிடுவது வழக்கமாகிவிட்டது. ஆடையின் பாரம் இன்னதென்று அறிந்த ஒரே இரசிகர் அவராக இருக்கலாம். 1935இல் அடையாறில் மேடையேறிய ருக்மிணி தேவி, இத்தாலியப் பெண்மணி ஒருவரின் துணையோடு ஆடலுடையைப் புதிதாக வடிவமைத்தார். 1947இல் சென்னை மாகாணத்தில் தேவதாசி ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. பரதநாட்டியம் எனப் புதுப்பெயர் பெற்ற கலையில் ஆடுபவளின் உடை, அடவு, பாடல், குலம் அனைத்தும் சீர்திருத்தப்பட்டன. சீர்திருத்தப்படாமல் எஞ்சியவன் பார்வையாளன். அவனுக்கு நாற்காலி போடப்பட்டது, மேல்சட்டை கிடைத்தது, இருளும் கிடைத்தது.

இருளைப் பற்றி ஒரு சொல். தீவட்டியும் பின்னர் பெற்றோமாக்ஸ் விளக்கும் எரிந்த கோயில் வீதியில் ஆடுபவளும் காண்பவரும் ஒரே ஒளியில் இருந்தனர். யாழ்ப்பாணத்துக் கோயில் திருவிழாக்களில் தமிழகத்திலிருந்து வரவழைக்கப்பட்ட சின்னமேளம் ஆடிய காலத்திலும் இதுவே நிலை. பெரியமேளம் என்பது நாதசுரமும் தவிலும்; சின்னமேளம் என்பது பெண்களின் ஆடல். அதனைப் பற்றிய எதிர்ப்புகள் எழுந்தபோதும், வாதம் ஆடிய பெண்களின் உடையையும் அவர்கள் ஆடிய பாடல்களையும் சுற்றியே சுழன்றது. சின்னமேளத்தை ஒழுங்குசெய்த திருவிழா உபயகாரர் தமது தகுதியின் அடையாளமாகவே அதனைச் செய்தார். முன்வரிசையில் புத்தாடையோடு அமர்ந்தார். அவரது பெயர் நோட்டீஸில் அச்சாயிற்று. ஆடியவர்களின் பெயர்கள் நம்மில் எவருக்கும் நினைவில்லை.

மின்விளக்கும் மண்டபமும் வந்தபின், ஒளி மேடையை மட்டும் பிடித்துக்கொண்டது. பார்வையாளனின் உடை மண்டப வாயிலோடு முடிந்துவிடுகிறது. ஆயினும் வாயிலில் அதற்குப் பெருமதிப்பு. மருதனார்மடத்தில் 1960இல் தொடங்கி இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பகுதியாக விளங்கும் நுண்கலை நிறுவனத்தின் வழியாகவும் பிற வழிகளாலும் நடனம் நடுத்தர வர்க்கத்து வீடுகளிற் புகுந்தது. இன்று ஓர் அரங்கேற்றத்துக்குச் செல்வோர் பட்டு வேட்டியும் காஞ்சிப் பட்டுமாகச் செல்கின்றனர். தாசி ஆடியபோது காண்பவனின் உடை அவனது இச்சையைச் சுட்டியது. மகள் ஆடும்போது அது குடும்பத்தின் வளத்தைச் சுட்டுகிறது. இரண்டிலும் ஆடுபவள் யாரோ ஒருவரின் செல்வத்தை அணிந்து நிற்கிறாள். பரிபாடலில் பரத்தையின் கையில் மின்னிய வளையை இவ்விடத்து நினைவுகூர்தல் மிகையாகாது.

இதனையெல்லாம் கனகி புராணத்தின் இலக்கியத் தகுதியோடு தொடர்புறுத்தி ஒரு குறையையும் கூறியாக வேண்டும். நூல் கனகியின் பெயரைத் தாங்கியிருப்பினும், அவளுக்குக் குரல் அளித்ததென்று சொல்லுதல் அரிது. சுயம்வர மண்டபத்தில் தமயந்திக்கு ஓர் உள்ளம் உண்டு; நளனைத் தேர்ந்தெடுக்கும் தவிப்பு உண்டு. கனகியின் மண்டபத்தில் வந்தோர் ஒவ்வொருவராகத் தோலுரிக்கப்படுகையில், அவள் அவர்கள் வரிசையை ஒழுங்குபடுத்தும் ஒரு நிமித்தமாகவே நின்றுவிடுகிறாள். நட்டுவனாருக்கு முன்னே ஆடுபவளின் முதுகுதான் தெரியும், முகம் தெரியாது. சபையின் முகங்களை அத்துணைத் தெளிவாகக் காண வைத்த இடமே அவள் முகத்தைக் காணவொட்டாமலும் செய்தது. அங்கதத்தின் குறியை ஆடவர்மேல் திருப்பியதற்காக அவரைப் பாராட்டும் நாம், இவ்வரையறையை மறைத்துப் பாராட்டுதல் நேர்மையன்று.

நல்லூர்த் திருவிழாக் காலத்தில், பண்பாட்டுக்கேற்ற உடை அணிந்து வருமாறு வேண்டும் அறிவித்தல்களை நாம் காண்கிறோம். ஆடவர்க்கு அது மேற்சட்டை கழற்றும் விதியோடு முடிகிறது. பெண்களைப் பற்றிய விவாதமோ பத்திரிகைகளிலும் மேடைகளிலும் நீண்டு செல்கிறது. நாவலரின் பட்டியலை அவ்வறிவித்தலோடு ஒப்பிட்டுப் பார்க்கும் மாணவர், தோளிலிட்ட துணி பற்றிய விதி இன்றும் நடைமுறையில் இருப்பதையும், அதே வரிசையிலிருந்த கண் பற்றிய விதி எவ்வறிவித்தலிலும் இடம்பெறாததையும் காண்பர். அவ்விதி எப்போது, எவரால் விடப்பட்டது என்பதை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து வெளிவந்த சைவப் பத்திரிகைகளையும் கோயில் நோட்டீஸுகளையும் கொண்டு ஆராய இடமுண்டு. கனகி புராணத்தின் எஞ்சிய செய்யுள்களை ஊர்வாரியாக வகுத்து, அக்காலத்து உத்தியோகம், நிலவுடைமை, வணிகம் ஆகியவற்றோடு பொருத்திப் பார்ப்பதும் செய்யப்படவேண்டிய பணி. செய்யுளில் எள்ளப்பட்டவரின் வழித்தோன்றல்கள் இன்று அதற்குத் தடை சொல்ல மாட்டார்கள் என்றே நம்புகிறேன்.